சலவை செய்யாத துணிகள்

மார்ச் 4

அகதிகள், திருநர், துப்புரவுப் பணியாளர் எனப் பலர் உடுத்திக் களைந்த ஆடைகள், நான் செய்யவிருக்கும் துணிச்சிற்பத்துக்காக இன்று வந்து சேர்ந்தன. மடித்து அனுப்பியவர்களைவிடச் சுருட்டிக் கட்டி அனுப்பியவர்களே அதிகம். ஏறத்தாழ எல்லாச் சட்டைகளிலும் கழுத்துப்பட்டிதான் முதலில் நைந்திருக்கிறது.

மார்ச் 9

உள்ளே கம்பிச்சட்டம் வைத்தால் உருவம் நிமிர்ந்து நிற்கும்; ஆனால் நிற்பது துணியன்று, கம்பிதான். போலந்துச் சிற்பி மக்தலேனா அபகனோவிச், துறைமுகங்களில் கிடைத்த பழைய கயிறுகளைப் பிரித்துச் சாயமேற்றி நெய்து, 1960களில் ஆளுயரத்தை மிஞ்சும் உருவங்களாகத் தொங்கவிட்டார். நானும் சட்டத்தைக் கைவிட்டு, மேலே வளையமொன்றிலிருந்து தொங்கவிடத் தீர்மானித்தேன். துணி தன் எடையால் எங்கே தொய்கிறதோ அதுவே உருவமாகட்டும்.

மார்ச் 15

காட்சிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது: துணிகளைச் சலவை செய்து, கறை நீக்கித் தர வேண்டுமாம். பூச்சி அரிக்கும் என்ற காரணம் நியாயமானதுதான். கறை பூச்சியை ஈர்க்கும் என்பதும் உண்மை. ஆனால் துணியிலுள்ள பூச்சியைக் கொல்லச் சில நாள் கடுங்குளிரில் உறையவைக்கலாம், அதற்குக் கறையை நீக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுவதும் பேச்சையும் உடையையும் நடையையும் திருத்திக்கொண்டால் உள்ளே விடுகிறோம் என்று கேட்டுப் பழகியவர்களின் சட்டைகளுக்கும் அதே நிபந்தனையை விதிப்பதில் உள்ள முரணை, கோபம் தெரியாமல் எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று.

எயிட்சால் இறந்தோரின் நினைவாக 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் 1,920 துணித்துண்டுகளை விரித்தார்கள். ஒவ்வொன்றும் 3 அடி அகலம், 6 அடி நீளம். ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. சிலி நாட்டில் 1973 ஆட்சிக்கவிழ்ப்புக்குப்பின் காணாமலாக்கப்பட்டவர்களின் வீட்டுப் பெண்கள், சாக்குத்துணியின்மேல் துண்டுத்துணிகளை வைத்துத் தைத்தே நடந்ததைச் சொன்னார்கள். இவற்றைக் குறிப்பிட்டு, உறையவைக்கச் சம்மதம், வெளுக்கச் சம்மதமில்லை என்று பதில் எழுதினேன்.

மார்ச் 18

ஒப்புக்கொண்டார்கள்.

மார்ச் 24

துணி தந்த திருநங்கை ஒருவர் பணியிடத்துக்கு வந்தார். தம் சட்டையைக் கண்டதும் அவர் முகம் மாறியது. கறை படிந்த கழுத்துப்பட்டியை எல்லோரும் காணும்படி முன்னால் வைத்திருந்தேன். அதற்காகத்தானே அத்தனை வாதாடினேன்.

"இதை உள்ளே மடிச்சுத் தைக்கலாமா, அக்கா?" என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காது கேளாதவரும் டவுன் நோய்க்குறி உடையவருமான ஜூடித் ஸ்காட் நினைவுக்கு வந்தார். ஏழு வயதில் காப்பகத்தில் விடப்பட்டு, சுமார் 35 ஆண்டுகள் அடைபட்டிருந்தவர்; 1987இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரக் கலைக்கூடம் ஒன்றில் சேர்ந்தபின், கைக்குக் கிடைத்த பொருள்களையெல்லாம் நூலால் சுற்றிச் சுற்றி மூடிச் சிற்பமாக்கினார். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பவருக்குத் தெரியாது.

ஊசியை அந்தத் திருநங்கையிடமே கொடுத்தேன். கழுத்துப்பட்டியை மடித்து, நெருக்கமான தையலாக ஒரு மணி நேரம் தைத்தார். அருகிலிருந்த இரண்டு சட்டைகளையும் அதனுடன் இழுத்துப் பிணைத்துவிட்டார். உருவம் இப்போது இடப்பக்கம் ஒரு சாண் தாழ்ந்து தொங்குகிறது. நாளை காலை வளையத்தின் கொக்கியை நகர்த்த வேண்டும்.