சதங்கை கட்டும் முன்

உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் மட்டக்களப்பில் தன்னம்பிக்கைக் கருத்தரங்குகள் பெருகிவிடுகின்றன. இணைந்த கணிதம் கற்பிப்பவன் என்ற வகையில், அவற்றுக்குச் சென்று வரும் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். மறுநாள் முகம் மலர்ந்து வருகிறார்கள். அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து படிக்கவும் தொடங்குகிறார்கள். ஆனால் இயக்கவியலில் கடினமான கணக்கொன்றில் தடுமாறியதும் அந்த உற்சாகம் வடிந்துவிடுகிறது. பேச்சாளர்களை நான் குறைகூறவில்லை. சொல்லால் பிறந்த நம்பிக்கையைத் தாங்கிப் பிடிப்பதற்கு, தாமே செய்து முடித்த ஏதேனும் ஒன்று அந்தப் பிள்ளைகளின் கையில் இருப்பதில்லை என்பதே என் கவலை.

இதை நான் அறிந்துகொண்ட இடம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலுள்ள எங்கள் ஊர்க் கூத்துக் களரி, அதாவது கூத்தாடும் அரங்கு. எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது, வேளாண்மை வெட்டி முடிந்த பருவத்தில், வடமோடி என்னும் பாணியிலான கூத்தொன்றுக்குச் சட்டம் கொடுத்தார்கள், அதாவது ஆடுபவர்களுக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்தார்கள். அரசனின் வரவை அறிவிக்கும் கட்டியகாரன் என் பங்குக்கு வந்தான். நாலு பேர் முன்னே வாய் திறக்கக் கூசிய பிள்ளை நான். கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் என்னிடம் ஒருநாளும் "உன்னால் முடியும்" என்று சொன்னதில்லை. பாத்திரம் களரிக்குள் நுழையும்போது ஆடும் வரவு ஆட்டத்தை மட்டும் பல இரவுகள் ஆடவைத்தார். கால் பிசகினால் மத்தளத்தை நிறுத்தி, "திரும்ப ஆடு மனே" என்பார், அவ்வளவுதான். கால் தாளத்தில் நிலைத்த பின்னரே பாட்டைத் தந்தார். இரண்டும் இசைந்த பின்னர்தான் சதங்கை அணியும் நாள் வந்தது. அதன் பிறகு, ஊரார் வந்து குறைநிறை சொல்லும் அடுக்குப் பார்த்தல். அரங்கேற்றத்தன்று களரிக்குள் நுழைந்தபோது பயம் இருக்கத்தான் செய்தது. ஆயினும் அந்த வரவை எத்தனையோ இரவுகள் ஆடித் தீர்த்திருந்த கால்கள், என் பயத்துக்காகக் காத்து நிற்கவில்லை.

பின்னாளில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, உளவியலாளர் அல்பர்ட் பண்டுரா 1977 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையைப் பற்றி வாசித்தேன். ஒரு செயலைத் தம்மால் ஆற்ற முடியும் என்ற நம்பிக்கை, தாமே செய்து வென்ற அனுபவம், தம்மைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் கூறும் ஊக்கச்சொல், அந்நேரத்து உடல் மனநிலை ஆகிய நான்கிலிருந்தும் பிறக்கிறது என்றும், அவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்றும் அவர் கூறியிருந்தார். வாசித்த கணமே அண்ணாவியார்தான் என் நினைவுக்கு வந்தார். நாம் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்புகிறோம்.

பொய்யான நம்பிக்கையும் உண்டு. அது பயத்தைவிட ஆபத்தானது என்று கருதுகிறேன். கடந்தகால வினாத்தாளின் விடையைப் படித்துவிட்டு, "விளங்குது சேர்" என்று சொல்லும் பிள்ளை உண்மையாகவே அப்படி நம்புகிறது. ரோடிகர், கார்பிக் என்னும் இரு ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள், அது நினைவில் நிற்கும் என்று அதிகமாக நம்பினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, வாசித்ததைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். கண்ணுக்குப் பழகிப்போனதைக் கைக்கும் வரும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

ஆகவே என் வகுப்பில் கொப்பியை மூடிவிட்டே கணக்குச் செய்ய வேண்டும். தொடங்கும் முன், தனக்கு எத்தனை புள்ளி கிடைக்கும் என்று தாளின் மூலையில் ஒவ்வொருவரும் எழுதிக்கொள்வார்கள். திருத்திய பின் கிடைத்ததை அதனருகில் எழுதுவேன். மிகவும் பின்தங்கியவர்களுக்கு முழு வினாவையும் கொடுக்காமல், அதன் முதற் பகுதியை மட்டும், அது பிழையின்றி வரும்வரை கொடுக்கிறேன்.

இரண்டாம் முறை பரீட்சைக்குத் தயாரான மாணவி ஒருத்தி, 150 புள்ளிக்குரிய நீண்ட வினாவொன்றுக்குத் தொடக்கத்தில் 120 என்று எழுதி 35 பெற்றாள். அன்று அழுதாள், அதைப் பார்க்க எனக்கும் வேதனையாக இருந்தது. ஏழு மாதங்களுக்குப் பின் அதே அளவான வினாவொன்றுக்கு 90 என்று எழுதி 95 பெற்றாள். தாளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், இரண்டு ஆண்டுகளாகத் தொடாமலே ஒதுக்கி வைத்திருந்த, இயக்கவியலின் சார்பு வேகம் என்னும் பகுதியில் ஒரு வினா தரும்படி கேட்டாள்.