காந்தச்சுருக்க மட்ட உணரி: தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

கருவியியல் தாளுக்குப் படிப்பவர்கள், தொட்டியில் திரவ மட்டத்தை அளக்கும் கருவிகளில் ரேடாரையும் அல்ட்ராசோனிக்கையும் விழுந்து விழுந்து படித்துவிட்டு, காந்தச்சுருக்க உணரிக்கு ஒரு வரையறையோடு கும்பிடு போட்டுவிடுகிறார்கள். ஈப்போவில் டிப்ளோமா படித்தபோது எனக்கு மதிப்பெண் எளிதாகக் கிடைத்த பகுதி இதுதான். நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்குள் செங்குத்தான குழாய். அதனுள் விறைப்பாகக் கட்டிய காந்தச்சுருக்க உலோகக் கம்பி, அதாவது காந்தப்புலத்தில் வடிவம் சற்றே மாறும் கம்பி. குழாயைச் சுற்றி நிலைக்காந்தம் பொருத்திய மிதவை. உச்சியிலுள்ள மின்னணுத் தலை, கம்பி வழியே ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. அதன் காந்தப்புலமும் மிதவையின் புலமும் சந்திக்கும் இடத்தில் கம்பி நொடிப்பொழுது முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு அலை விநாடிக்குச் சுமார் 2,800 மீட்டர் வேகத்தில் தலைக்குத் திரும்புகிறது. காந்தமாகும்போது இரும்பின் நீளம் மாறுவதை ஜூல் 1842இல் காட்டியதற்கு ஒரு வரி போதும். அரைப் பக்கம் எழுதினாலும் மதிப்பெண் ஏறாது.

பலர் சறுக்குவது கணக்கில். அலை போய்த் திரும்பும் ரேடாருக்குப் பழகிய கை, நேரத்தை இரண்டால் வகுத்துவிடும். இங்கே மின்துடிப்பு கீழே போகும் நேரம் புறக்கணிக்கத்தக்கது. அலையின் பயணம் ஒரு வழிதான். 1.25 மில்லி விநாடி என்றால் தலையிலிருந்து மிதவை 3.5 மீட்டர் கீழே. அளவீட்டு நீளம் 5 மீட்டரானால் மட்டம் 1.5 மீட்டர்; காலிக்கு 4, முழு மட்டத்துக்கு 20 என்று கருவி அனுப்பும் 4–20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் இது 8.8.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் யாராவது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பார். அப்படி ஓர் அண்ணனிடம் இந்த உணரியின் குறையைக் கேட்டேன். "நீராவிச் சூடு குறைந்து எண்ணெய் இறுகிவிட்டால் மிதவை நகராது, தம்பி. கருவி பழைய மட்டத்தையே கூசாமல் காட்டும்" என்றார். சேமிப்புத் தொட்டியை ஏறத்தாழ 50 டிகிரியில் வைத்திருப்பதன் அருமை அப்போது புரிந்தது. பிசுபிசுப்பான, உறையும் திரவங்களில் மிதவை சிக்கும் என்று நூல்கள் ஒரு வரியில் முடிப்பதன் முழுப் பொருள் இதுதான்.

அதே தொட்டியின் அடியில் நீர் தேங்கினால் இரண்டாவது மிதவை வேண்டும். அந்தச் சூட்டில் எண்ணெயின் அடர்த்தி ஏறக்குறைய 0.89, நீருக்கு 0.99. கீழ் மிதவை 0.94 அளவில் இருந்தால் எண்ணெயில் மூழ்கி நீரின் மேல் நிற்கும். ஒரே துடிப்புக்கு இரண்டு அலைகள் திரும்பும். முதலில் வருவது எண்ணெய்ப் பரப்பினுடையது, அடுத்தது நீர் எல்லையினுடையது. இந்த நேர வரைபடத்தைப் பார்க்காமல் போட்டுப் பழகுங்கள். விளக்க வினாவுக்குத் தனியாக மனப்பாடம் தேவைப்படாது.