சித்தப்பாவின் வலது மணிக்கட்டு

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் கரையேற்றியிருந்த விசைப்படகுக்குப் பெயின்ட் அடிக்க ஏறிய சித்தப்பா, ஏணி சறுக்கி வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். முன்கை எலும்பில் கட்டைவிரல் பக்க நுனி முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்த இடத்தில் “எலும்பு கூடிருச்சு, கடலுக்குப் போகலாம்” என்றார்கள்.

ஜூன் 15 கடல் திறந்தது. நான்காம் நாள் என் பிசியோதெரபி அறையில் வந்து உட்கார்ந்தார்.

“தாயி, கயித்தப் பிடிச்சு இழுத்தா உள்ள டொக்குன்னு என்னமோ நழுவுது. பிடியே நிக்கல.”

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஸ்கேபாய்டு என்ற சின்ன எலும்பை உள்ளங்கைப் பக்கமிருந்து என் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, அவர் கையைச் சுண்டுவிரல் பக்கமிருந்து கட்டைவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தேன். விரலை எடுத்ததும் அதே டொக்கு. சித்தப்பா பல்லைக் கடித்தார். இடது கையில் அப்படி எதுவும் இல்லை.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். அதில் ஸ்கேபாய்டையும் பிறை வடிவ லூனேட்டையும் கட்டி வைத்திருக்கும் ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. அது கிழிந்தால் எலும்புகள் விலகுவதுதான் தெரியும். விழுந்த அன்று கையைத் தளர விரித்து எடுத்த எக்ஸ்ரே படத்தில் அந்த விலகலும் இல்லை. முஷ்டி இறுக்கினால்தான் நடு எலும்பு ஆப்பு மாதிரி இறங்கி இரண்டையும் பிரிக்கும். சிலருக்கு இயல்பிலேயே இடைவெளி கூடுதல், அதனால் இரண்டு கையையும் முஷ்டி இறுக்கிப் படம் எடுக்கச் சொன்னேன். இடது 2 மில்லிமீட்டர், வலது 4. மூன்றைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் இரண்டு எலும்புக்கும் நடுவே கோணம் 30 முதல் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இவருக்கு எழுபதுக்கும் மேல்.

முறிந்த புதிதில் வலியில் யாரும் முஷ்டி மடக்க முடியாது, அது சரி. ஆனால் முறிவுக் கோடு மூட்டுக்குள் இறங்கிய இடம், ஸ்கேபாய்டும் லூனேட்டும் சேரும் இடத்துக்கு நேர் எதிரே. அந்தக் கோடு ஒன்றே ஜவ்வைச் சந்தேகிக்கப் போதும். கிழிந்த புதிதில் நேரடியாகத் தைக்கலாம். நாளானால் முனைகள் சுருங்கிக்கொள்ளும்.

சொல்லியே ஆக வேண்டும்: விழுந்த அன்றே சித்தப்பா அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தார். “பெருசா விலகல சித்தப்பா, பயப்படாதீங்க” என்று பதில் போட்டிருக்கிறேன். போனில் இன்னும் இருக்கிறது.

அடுத்த வாரம் மதுரையில் மூட்டுக்குள் கேமரா விட்டு ஜவ்வை நேரில் பார்க்கப்போகிறார்கள். சித்தப்பாவுக்கு அந்தக் கவலையே இல்லை. அவருக்குப் பதிலாகப் படகேறும் பையனுக்கு வலை மடிக்கத் தெரியவில்லையாம்.