மைலோ டின்

புரையேறினால் 'யாரோ நினைக்கிறார்கள்' என்று தலையில் தட்டி வளர்ந்தவர்கள் நாம். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளராக வேலைக்குச் சேர்ந்த பிறகு என் கை அப்படித் தானாக எழுவதில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருவார் அந்தப் பெரியவர். மூளைத்தண்டில் பக்கவாதம். நடப்பார், கேலி பேசுவார். சொந்த எச்சிலை மட்டும் விழுங்க முடியாது. துப்புவதற்கு மடியில் எப்போதும் ஒரு மைலோ டின். மூக்கில் தொங்கும் பால் குழாயைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. டின்னைத்தான் துண்டால் மறைத்துக்கொள்வார்.

எக்ஸ்ரேயில் தெரியும் பேரியத்தைக் கலந்து கொடுத்து எக்ஸ்ரே காணொளி எடுத்தோம். தொண்டை நன்றாகவே தள்ளியது. உணவுக்குழாயின் வாசலில் எல்லாம் தேங்கி நின்றது. அங்கே காவல் நிற்பது கிரிக்கோஃபாரிஞ்சியஸ் தசை. விழுங்கும் கணம் தவிர மற்ற நேரமெல்லாம் இறுகியிருப்பது அதன் வேலை. இவருக்கு அந்தக் கணத்திலும் அது தளரவில்லை. இந்தப் படத்தைப் பார்க்காமல் அந்தத் தசையைத் தளர்த்தும் ஊசிக்குப் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி. தள்ளும் தசைகளே சோர்ந்திருந்தால் வாசலைத் திறந்துவைத்து என்ன பயன்?

ஊசி நாளன்று டாக்டர் அல்ட்ராசவுண்ட் கருவியைக் கழுத்தின் இடப்பக்கம் வைத்தார். தைராய்டு, ஓரத்தில் துடிக்கும் கரோட்டிட் தமனி, மற்றதெல்லாம் சாம்பலுக்குள் சாம்பல். துழாவிக்கொண்டிருக்காமல் ஒரு குழாயை உணவுக்குழாய்க்குள் விட்டு, அதன் பலூனில் தண்ணீர் நிரப்பி மெல்ல மேலே இழுத்தார். இறுகிய இடத்தில் பலூன் தடுக்கி நின்றது. திரையில் கறுப்பு வட்டம். அதன் விளிம்பில் மெல்லிய தசை. போட்டுலினம் நச்சு அதற்குள் இறங்கியது. சற்றுப் பரவினாலும் குரல்நாண்களை விலக்கும் தசை தளர்ந்து மூச்சுக்கே இடைஞ்சலாகலாம் என்பதால் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே போட்டாக்ஸ்தான் என்று முன்பே சொல்லியிருந்தோம். முடிந்ததும் பெரியவர், "நெற்றியிலும் ஒன்று போட்டிருக்கலாமே" என்றார்.

மாலையில் அவர் மனைவி பிளாஸ்க்கில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், கொண்டுவந்துவிட்டார். தவறு என்னுடையது. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையில் வெளிவருவதை இம்மருந்து தடுத்துத் தசை தளரச் சில நாட்கள் பிடிக்கும். ஆபத்துகளையெல்லாம் விளக்கிய நான் இதைச் சொல்ல மறந்திருந்தேன்.

"வாசம் மட்டும் பிடித்துக்கொள்கிறேனே, அம்மா" என்றார் பெரியவர். மூடியைத் திறந்து கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி படம் எடுத்துவிட்டு ஒரு கரண்டி தேநீர் கொடுத்தேன். விழுங்கச் சிரமப்படும் பலருக்குச் செய்வதுபோல் கெட்டியாக்கவில்லை, இவருக்கு நீர்த்ததுதான் எளிதாக இறங்கியது. விழுங்கினார். இருமவில்லை. சீனி குறைவு என்றார்.

பலன் மூன்று, நான்கு மாதம் நிற்கும். அதற்குள் மூளை தானாகத் தேறாவிட்டால் மீண்டும் ஊசி. இதை மட்டும் இம்முறை மறக்காமல் இருவரிடமும் சொன்னேன். அடுத்த தடவை வந்தபோது மடியில் டின் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. மனைவிதான் கைப்பையைத் திறந்து, கழுவித் துடைத்த டின்னைக் காட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.