கல்லீரலுக்குப் பெர்ரிச் சாறு: நிறம் தருவதும் சர்க்கரை கெடுப்பதும்

உடல் பருமன், சர்க்கரை நோய், ரத்தக் கொழுப்பு ஆகியவை ஒன்றுசேரும்போது, வெளியே தெரியாமல் அடிவாங்குவது பெரும்பாலும் கல்லீரல்தான். அதன் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு படிந்திருந்தால் அது கொழுப்புக் கல்லீரல் எனப்படுகிறது. மதுவைத் தொடாதவர்களுக்கும் வருகிற இந்நோய்க்கு, வளர்சிதை மாற்றக் கோளாறோடு உள்ள தொடர்பு வெளிப்படும்படி 2023-இல் புதுப் பெயரே சூட்டினார்கள். இதற்குப் பெர்ரிச் சாறு நல்லது என்று பலரும் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை என்பதே என் கருத்து.

புளூபெர்ரி, அரோனியா போன்ற பழங்களுக்குக் கருநீலத்தைத் தருபவை ஆன்தோசயனின் என்னும் நிறமிகள். குடித்த நிறமியில் மிகச் சிறு பங்கே அப்படியே ரத்தத்தில் சேர்கிறது. எஞ்சியது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் சிறுசிறு ஃபீனாலிக் அமிலங்களாக உடைக்கப்படுகிறது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்கே செல்வதால், இந்தப் பொருள்களை முதலில் சந்திப்பதும் அதுவே. கொழுப்பு உற்பத்தியைக் குறைத்து, எரிப்பதைக் கூட்டும் ஏ.எம்.பி.கே. என்ற நொதியை இவை தூண்டுவதாகவும், ஆக்சிஜனேற்றத்தால் செல்களுக்கு நேரும் சேதத்தைக் குறைப்பதாகவும் ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன.

கொழுப்பும் ஃப்ரக்டோஸ் என்னும் பழச் சர்க்கரையும் மிகுந்த தீனி கொடுத்து வளர்த்த எலிகளுக்குப் பெர்ரிச் சாறோ அதன் சாரமோ கொடுத்த பல ஆய்வுகளில், கல்லீரலில் தேங்கும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும், கல்லீரல் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதியின் ரத்த அளவும் குறைந்திருக்கின்றன. ஆனால் இவற்றில் பலவற்றில், கெட்ட தீனி தொடங்கிய நாளிலேயே சாறும் தொடங்கிவிடுகிறது. நோய் வராமல் தடுப்பது வேறு, வந்த நோயைத் திருப்புவது வேறு. மருத்துவரிடம் போகிறவருக்கு வேண்டியது இரண்டாவது. போதாக்குறைக்கு, சுண்டெலிக்கு ஒரு கிலோ எடைக்குக் கொடுக்கும் அளவை மனிதருக்கு மாற்ற ஏறத்தாழ 12-ஆல் வகுக்க வேண்டும். வகுத்த பிறகும் அது சில நேரம் அன்றாடம் குடிக்க முடியாத அளவாகவே நிற்கும். மனிதரிடம் நடந்த ஆய்வுகளோ பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களில் முடிந்தவை.

அடுத்தது சர்க்கரை. இனிப்பே சேர்க்காத புளூபெர்ரிச் சாற்றிலும் 200 மில்லிக்கு 20 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். பழத்தில் இருந்த நார்ச்சத்தில் பெரும்பகுதி வடிகட்டும்போதே போய்விடுகிறது. கல்லீரலில் புதிதாகக் கொழுப்பு உருவாகத் தூண்டுவதில் முன்னிற்பது ஃப்ரக்டோஸ் என்பதை நினைத்தால், மருந்தும் நோய்க்காரணமும் ஒரே குவளையில் வருகின்றன என்றே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பழச்சாற்றுச் சர்க்கரையைக் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது.

ஆகவே, குளிர்பானத்துக்குப் பதிலாகச் சாறு என்றால் எனக்கு மறுப்பில்லை. சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாக ஒரு குவளை என்றால் உண்டு. முழுப் பழமாகச் சாப்பிட்டால் அதே நிறமி நார்ச்சத்தோடு சேர்ந்து கிடைக்கும். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்குகிறது, 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணிகிறது; இதற்கு ஈடான சான்று எந்தச் சாற்றுக்கும் இதுவரை இல்லை. வாங்கியே தீர வேண்டுமென்றால், பாட்டிலின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள்: பல பெர்ரி பானங்களில் முதலிடத்தில் தண்ணீரும் அடுத்து சர்க்கரையும்தான் இருக்கும்.