லாண்ட் குரூசருக்கு அடியில் ஒரு மணி நேரம்

கோலாலம்பூர், செந்தூலில் எங்கள் கார் பட்டறைக்கு வருகிற காடிகளுக்குத் தண்ணீரில்தான் கண்டம். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மூன்று மாதம் மைவி கார்களைக் காய வைத்தே பிழைத்தோம். அப்படிப்பட்ட நான் போன வருஷம் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் சம்பளமில்லாமல் காடி பழுது பார்க்க சாம்பியா போனேன். தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவை ஒட்டி ஒரு வனவிலங்குப் பாதுகாப்புக் குழு. திருட்டு வேட்டைக்காரர்கள் கம்பியில் கட்டும் சுருக்குக் கண்ணிகளை அகற்றுவார்கள், ரேடியோ பட்டை மாட்டிய சிங்கங்களைத் தேடிப் போய்ப் பார்த்து வருவார்கள். வண்டி படுத்துவிட்டால் எல்லாமே படுத்துவிடும்.

அம்மாவுக்கு இதை எவ்வளவோ விளக்கினேன். கோயிலில் விசாரித்தவர்களிடம், "பெரியவன் ஆப்பிரிக்காவுல சிங்கத்துக்கு வைத்தியம் பார்க்கப் போறான்" என்றார். அப்பாவின் கவலை வேறு. "டிக்கெட்டும் உன் காசு, உழைப்பும் உன்னோடதுன்னா, அங்க தவுக்கே (முதலாளி) யாருடா?"

காடியின் கம்ப்யூட்டரில் சொருகிக் கோளாறு பார்க்கும் ஸ்கேனர் ஒன்றைக் கெத்தாகத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அங்கே நின்றவை 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் பழைய டீசல் லாண்ட் குரூசர்கள். கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது. ஸ்கேனரைச் சொருக நான் ஓட்டை தேடுவதை அந்த ஊர் மெக்கானிக் பெரியவர் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார். ரேடியேட்டர் முழுக்கப் புல் விதை. காற்று உள்ளே போக வழியில்லாமல் இன்ஜின் கொதிக்கிறது. அதற்கு அவர் மருந்து, முன்னால் கட்டிய ஒரு கொசு வலை! ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு பூந்தொட்டிக்கு மண் கிடைக்கும். காட்டு நடுவே லீஃப் ஸ்பிரிங் பட்டை ஒடிந்தபோது மொப்பானி மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்துக் கட்டி, வண்டியை முகாம் வரை ஓட்டியே வந்துவிட்டார். செந்தூலில் இதை நான் செய்திருந்தால் அப்பா ஸ்பேனரை எடுத்து அடித்திருப்பார்.

சிங்கமா? ஒரே ஒரு தடவை பார்த்தேன், தூரத்தில், அதுவும் வாலை மட்டும். மற்ற நாளெல்லாம் ஆயில் சம்ப்தான் தரிசனம்.

நவம்பர் மாதம் ஒரு நாள் மத்தியானம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு அடியில் படுத்து கியர்பாக்ஸ் போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாம்பழ சீசன். வாங்கி வந்த பழக்கூடையை வண்டியின் பின்பக்கம் வைத்திருந்தேன் (ஆமாம், நான்தான்). சத்தமே இல்லை. தலையைத் திருப்பினால் டயருக்குப் பக்கத்தில் உரல் மாதிரி ஒரு கால். அப்புறம் இன்னொன்று. அவ்வளவு பெரிய யானை நடந்து வரும்போது ஒரு சருகு கூட நொறுங்கவில்லை. உள்ளங்காலில் மெத்தை வைத்துப் படைத்திருக்கிறார்கள். என் மேலே இரண்டு டன் வண்டி, பக்கத்தில் அதைவிடப் பெரிய ஆள், நிதானமாக ஒவ்வொரு பழமாகச் சாப்பிடுகிறார்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. அம்மா. அவருக்கென்று அவரே வைத்துக் கொடுத்த ரிங்டோன், விநாயகர் துதி.

மெல்லும் சத்தம் நின்றது. நடுங்கும் கையால் எடுத்தேன்.

"என்னாய்யா, சாப்பிட்டியா? ஏன் இப்படிக் கிசுகிசுன்னு பேசுற?"

"அம்மா... யானை... பக்கத்துல நிக்குது."

அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி.

"பாட்டு கேட்டு வந்திருக்குடா! அம்மாவுக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கோ. அப்பா பேசணுமாம், இரு."

யானை கூடையைக் காலி செய்து கிளம்ப ஒரு மணி நேரம் ஆனது. அதில் பத்து நிமிஷம், கியர்பாக்ஸ் ஆயில் என்ன கிரேடு ஊற்றுகிறோம் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.