சாமி படத்துல பின்னுக்கு நிக்கிறவங்க

சாமி படம்னா எனக்கு சாமிக்கு பின்னுக்கு இருக்கிறத பாக்கத்தான் ரொம்ப புடிக்கும். கோபுரம், படிக்கட்டு, தொங்குற வெளக்கு, தீபாராதன தட்டோட நிக்கிற ஐயர், கும்புட்டுக்கிட்டு நிக்கிற சனம். இலங்கை மலையகத்துல, தோட்ட தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீடான லயத்து காம்பராவுல வளந்தவங்களுக்கு இது சொல்லாமலே வெளங்கும், பழனியும் மதுரையும் நம்மள்ல நெறைய பேருக்கு முதல்ல செவுத்துலதான தெரிஞ்சுச்சு.

எங்க அப்பாயி மீனாட்சி கல்யாணம் படம் வச்சிருந்தாங்க. அடுப்பு பொகையில கண்ணாடி ஓரமெல்லாம் மஞ்சளாகி போச்சு, ஆனா பெருமாள் தண்ணி ஊத்தி தங்கச்சிய தாரை வாத்து குடுக்குற அந்த கை இருக்கிற எடம் மட்டும் தெனம் தொடச்சு தொடச்சு பளிச்சுனு இருக்கும். அவங்க மதுரைய பாத்ததே இல்ல. மதுரை கோயில் கம்பத்தடி மண்டபத்து தூண்ல இதே காட்சி கல்லுல இருக்கு, அத போட்டோவுல பாத்தப்ப எனக்கு மொதல்ல அப்பாயி தொடச்ச அந்த எடம்தான் ஞாபகம் வந்துச்சு.

இந்த மாதிரி காலண்டர் படங்கள்ல பெரிய பேரு கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). நாடக கம்பெனிக்கு திரைச்சீலை வரைஞ்சுக்கிட்டு வந்தவரு, கோவில்பட்டியிலயே தங்கிட்டாரு, அவருகிட்ட படிச்சவங்களும் இதே வேலையில எறங்க, சிவகாசி அச்சகங்கள் அத ஊரெல்லாம் கொண்டு போய் சேத்துச்சு. தூணு, திரை, தூரத்து மலைன்னு பின்பக்கம் மேடை மாதிரியே இருக்கும், நம்மளும் அந்த சன்னதியில ஒரு ஓரமா நிக்கிற மாதிரி தோணுறதுக்கு அதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

அப்படி சன்னதியில நிக்கிற ஆசை ராஜராஜனுக்கும் இருந்திருக்கு. 1010ல முடிஞ்ச தஞ்சாவூர் பெரிய கோயில்ல, கருவறைய சுத்தி இருக்கிற இருட்டு வழி செவுத்துல, சிதம்பரம் நடராஜர ராஜாவும் ராணிமாரும் கும்புடுற மாதிரி ஒரு ஓவியம் இருக்கு. மேல நாயக்கர் காலத்துல வேற ஓவியம் வரைஞ்சு மூடியிருந்துச்சு, 1931ல அண்ணாமலை பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமிதான் உள்ளுக்கு சோழர் ஓவியம் இருக்கிறத கண்டுபுடிச்சாரு. பிறகு தொல்லியல் துறை மேல் அடுக்க கிழிச்சு எறியாம பத்திரமா உரிச்சு, வேற பலகையில ஒட்டி, ரெண்டையும் காப்பாத்திட்டாங்க. இத படிச்சப்ப எனக்கு உண்மையிலயே கண்ணு கலங்கிடுச்சு!

நம்ம பக்கம் அப்படி நடக்கல. லயத்த விட்டு புது வீட்டுக்கு போறப்ப பழைய படத்த மரத்தடியில வச்சிடுறாங்க, இல்லாட்டி ஆத்துல விடுறாங்க, புதுசா மின்னுற படம் வந்துடுது. தோட்டத்து சனத்துல யாரு இந்தியாவுக்கு, யாரு இலங்கைக்குன்னு ரெண்டு அரசாங்கமும் பிரிச்ச 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல பாதி குடும்பம் இந்தியாவுக்கு போயி, பாதி இங்கயே நின்ன வீடுங்க எத்தனை, அங்கிருந்து வந்த படமெல்லாம் அந்த சொந்தத்தோட அடையாளம், அத எப்படி விட மனசு வருது?

உங்க வீட்டுல பழசு இருந்தா மழைக்காலத்துக்கு முன்னுக்கு செவுத்துலருந்து எறக்கி பாருங்க, ஈரம் புடிச்சா பேப்பர் கண்ணாடியோட ஒட்டிக்கும், ஒட்டியிருந்தா தயவுசெஞ்சு இழுக்காதீங்க, அப்படியே நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து வைங்க. கீழ் மூலைய கட்டாயம் சேத்து எடுங்க, வரைஞ்சவரு கையெழுத்தும் அச்சகத்து பேரும் அநேகமா அங்கதான் சின்னதா இருக்கும்.